மலைநாட்டுக் குளிரில் சொக்லேட் உருக்குவது எப்படி?

அடுப்பைப் பற்றவைப்பதற்கு முன் உறையின் பின்பக்கத்தைப் படியுங்கள். கொழுப்பு என்று கொக்கோ பட்டர் மட்டும் இருந்தால் (பால் சொக்லேட்டில் பால் கொழுப்பும் இருக்கும்) அது அசல் சொக்லேட். தாவரக் கொழுப்பு, பாம் கர்னல் எண்ணெய் என்று முன்னுக்கு நின்றால் அது கொம்பவுண்ட். கூக்கிங் சொக்லேட் என்று கட்டியாக விற்பது பெரும்பாலும் இந்த இரண்டாவது வகைதான்.

கொம்பவுண்டை 40 முதல் 45 பாகைக்குள் உருக்கி ஊற்றினால் தானாக இறுகும், வேறு வித்தை தேவையில்லை. பிஸ்கட் தோய்க்கவும் கேக்கின் மேல் ஊற்றவும் அதுவே போதும். ஆனால் மிச்சம் கிடக்கிறதே என்று இரண்டையும் கலந்துவிடாதீர்கள். பாம் கர்னல் கொழுப்பும் கொக்கோ பட்டரும் ஒத்துப்போகாது. இறுகாமல் கொழகொழவென்று கிடந்து, பிறகு வெளுக்கும்.

இனி அசல் சொக்லேட். டார்க்கில் பால் இல்லாததால் 50 பாகை வரை தாங்கும். பால் சொக்லேட்டிலும் வெள்ளையிலும் பால் புரதம் இருப்பதால் 45ஐத் தாண்டவிடாதீர்கள். கட்டிபட்டு அடிப்பிடித்த வாசம் வந்துவிடும். வெள்ளையில் கொக்கோ பட்டர் உண்டு, கறுப்புத் திடப்பகுதி இல்லை. மூன்றிலும் சீக்கிரம் கெடுவது அதுதான்; பழகும்வரை அதை விட்டு டார்க்கில் கை வையுங்கள். சொக்லேட் சிப்ஸ் வேண்டாம். சூட்டிலும் உருவம் குலையாதிருக்கக் கொழுப்பைக் குறைத்துச் செய்தது அது, ஊற்றும் பதத்துக்கு இளகாது.

தேவையானவை: டார்க் 300 கிராம், வாயகன்ற சில்வர் கிண்ணம், சிலிக்கன் கரண்டி, சமையல் வெப்பமானி. காய்ச்சல் பார்க்கும் டிஜிட்டல் கருவி உதவாது. 32க்குக் கீழே பல கருவிகள் எண்ணையே காட்டாது. நமக்கு வேண்டியதோ 28ம் 31ம். மர அகப்பையும் வேண்டாம், கழுவிய ஈரத்தை உள்ளே வைத்திருக்கும். வெங்காயம் நறுக்கிய பலகையில் சொக்லேட்டை வெட்டினால் வாசத்தை அப்படியே இழுத்துக்கொள்ளும்.

200 கிராமைப் பொடியாக நறுக்கிக் கிண்ணத்தில் போடுங்கள். 100 கிராமைத் தனியே வையுங்கள்.

இங்கேதான் முக்கால்வாசிப் பேருக்குச் சறுக்குகிறது. கொழும்பில் சொக்லேட்டுக்கு எதிரி வெயில். நமக்கு எதிரி தண்ணீர். நுவரெலியா ஏறக்குறைய 1,868 மீற்றர் உயரம். தண்ணீர் 94 பாகையளவிலேயே கொதித்துவிடும். கொதி குறைவுதானே என்று அடுப்பை எரியவிட்டால் ஆவிதான் மிஞ்சும். குளிர்ந்த குசினியில் அந்த ஆவி கிண்ணத்தின் விளிம்பிலும் அடியிலும் உடனே முத்து முத்தாகப் படியும். உருகிய சொக்லேட்டில் சில துளி விழுந்தாலும் போச்சு. அதிலுள்ள சீனித்துகள்கள் ஈரத்தைப் பிடித்து ஒன்றோடொன்று ஒட்டி, மணல் மாதிரி இறுகிவிடும்.

ஆகவே சட்டியில் இரண்டு விரற்கடை தண்ணீர் மட்டும் ஊற்றிச் சூடாக்குங்கள். ஆவி எழும்பியதும் அடுப்பை அணைத்துவிட்டு, அதன் பிறகே கிண்ணத்தை மேலே வையுங்கள். கிண்ணம் சட்டியின் வாயைவிட அகலமாக இருக்க வேண்டும், அடி தண்ணீரைத் தொடக்கூடாது. கிளறிக்கொண்டே 45 முதல் 50 வரை வந்ததும் தூக்கி, முதல் வேலையாக அடியைக் காய்ந்த துவாயால் துடையுங்கள். துடைக்காமல் சரித்து ஊற்றினால் அடியில் தொங்கும் துளி உருண்டு வந்து நேரே அச்சுக்குள் விழும். மழைக்காலத்தில் கழுவி வைத்த பாத்திரம் மறுநாளும் காயாது, அதையும் துடைத்துச் சூடுகாட்டித்தான் எடுக்க வேண்டும்.

மைக்ரோவேவ் இருந்தால் என் ஓட்டு அதற்குத்தான், ஆவியே இல்லை. பாதிச் சக்தியில் 30 செக்கன், கிளறல், பிறகு 15 செக்கன் வீதம். இதற்குச் சில்வரை விட்டுக் கண்ணாடிக் கிண்ணம் எடுங்கள். உருவம் குலையாமலிருந்தாலும் உள்ளே உருகியிருக்கும், எனவே ஒவ்வொரு தடவையும் கிளறிப் பார்த்தே முடிவுசெய்யுங்கள்.

இறுகிவிட்டால் எறிய வேண்டாம். 100 கிராமுக்கு இரண்டு மேசைக்கரண்டி சுடுபால் ஊற்றி அடித்துக் கலக்குங்கள். கொஞ்சத் தண்ணீரில் கட்டியானது நிறையத் தண்ணீரில் கரையும். அச்சில் ஊற்ற உதவாது, கேக்குக்குச் சோஸ் ஆகும்.

அடுத்தது பதப்படுத்தல். கொக்கோ பட்டர் பல வகைப் பளிங்குகளாக உறையும். பளபளப்பும் 'டக்' என்ற உடைசலும் தருவது அவற்றில் ஒரு வகை மட்டுமே. தனியே வைத்த 100 கிராமைச் சிறிது சிறிதாகப் போட்டுக் கிளறி 28 பாகைக்குக் கொண்டுவாருங்கள். அந்தத் துண்டுகளில் இருக்கும் நல்ல பளிங்கு மற்றதற்கு வித்தாகும். பிறகு 31-32க்குச் சூடேற்றுங்கள். பால் சொக்லேட்டுக்கு 27, பிறகு 29-30. வெள்ளைக்கு 26, பிறகு 28-29. கடைசி எண்ணைத் தாண்டினால் வித்து கரைந்துவிடும், முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

ஹட்டன், நுவரெலியாப் பக்கம் கிண்ணத்தின் ஓரம் கையோடு உறைந்து சொக்லேட் கூழாகிவிடும். தலைமுடி உலர்த்தும் கருவியால் வெளிப்புறத்தில் சில செக்கன் சூடுகாட்டினால் இளகும், இதற்காகவே ஒன்றை வைத்திருக்கலாம். அச்சும் பனிக்கட்டி போலிருக்கக்கூடாது, 20 பாகையளவில் இருக்கட்டும்.

கத்தி நுனியைத் தோய்த்து வையுங்கள்; ஐந்து நிமிடத்தில் இறுகினால் சரி என்று சொல்வார்கள். 15 பாகை அறையில் இந்தச் சோதனையை நம்பாதீர்கள், பதமில்லாததும் இறுகிக் காட்டும். விரலால் தொட்டுப் பாருங்கள்: உடனே அப்பினாலும் சாம்பல் கோடு தெரிந்தாலும் பதம் வரவில்லை.

இறுகவைக்கப் பிரிட்ஜ் வேண்டாம், மேசையே போதும். பிரிட்ஜிலிருந்து எடுத்தால் மேலே வியர்த்துச் சீனி கரைந்து, காய்ந்ததும் சொரசொரப்பான வெள்ளைப் பூச்சு நிற்கும். பதம் தவறியதால் வரும் வெளுப்பு கொழுப்பு, விரலால் தேய்த்தால் வழுக்கும். இரண்டும் பூஞ்சணம் அல்ல, தாராளமாகத் தின்னலாம்.

பிறகு சேர்த்தது: வெள்ளை சொக்லேட்டுக்கு நிறம் கொடுக்கும்போது கட்டியாகிறது என்றால், காரணம் குப்பியில் வரும் திரவ நிறம். அதில் பெரும்பாலும் தண்ணீர்தான். எண்ணெயில் கரைத்த நிறமோ தூள் நிறமோ வாங்குங்கள். வனிலா எசன்சுக்கும் இதே விதி.