வடசென்னையிலிருந்து பழவேற்காடு போய்வர

வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு ஊருக்கு வந்தவர்கள் "ஒரு நாள் கடற்கரைப் பக்கம் போகலாமா?" என்று கேட்டால், வீட்டில் எல்லோரும் உடனே மாமல்லபுரம் என்பார்கள். அடையாறிலோ வேளச்சேரியிலோ தங்கியிருந்தால் அது சரி. தண்டையார்பேட்டை, ராயபுரம், வியாசர்பாடி, திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் தங்கியிருப்பவர்களுக்கு அது வீண் அலைச்சல். நகரத்தை முழுக்கக் கடந்து ஈசிஆரைப் பிடிப்பதற்குள் பிள்ளைகள் சோர்ந்துவிடுவார்கள். எதிர்த்திசையில், வடக்கே, பழவேற்காடு இருக்கிறது. பாரிமுனையிலிருந்து கணக்குப் போட்டால் சுமார் 60 கிலோமீட்டர், திருவொற்றியூரிலிருந்து இன்னும் குறைவு. கடல், ஏரி, பறவைகள், நானூறு வருஷக் கல்லறைகள், உயிரோடு துள்ளும் இறால் எல்லாம் ஒரே ஊரில் கிடைக்கும். வடசென்னைக்கு வருகிறவர்கள் முதலில் போக வேண்டிய கடற்கரை ஊர் இதுதான் என்பது என் உறுதியான எண்ணம்.

ஆனால் ஒன்றை மனதில் வைத்துக்கொண்டு கிளம்புங்கள். இது சுற்றுலாவுக்காகத் தயார்செய்து வைத்த ஊர் இல்லை. ரிசார்ட், சாய்வு நாற்காலி, காபி ஷாப் எதையும் எதிர்பார்க்காதீர்கள். மீன்பிடித்துப் பிழைக்கிற ஊர் அது. அவர்கள் வேலை செய்யும் இடத்துக்கு விருந்தாளியாகப் போகிறோம். இந்த நினைப்போடு போனவர்கள் யாரும் ஏமாந்து திரும்பியதில்லை.

எப்போது போவது என்றால், ஜனவரியும் பிப்ரவரியும்தான் அருமையான மாதங்கள். வெயில் தாங்கும், பறவைகளும் இருக்கும். அக்டோபர் கடைசியிலிருந்து டிசம்பர் நடுவரை வடகிழக்குப் பருவமழை. புயல் எச்சரிக்கை வந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு வருகிறவர்களுக்குப் பெரும்பாலும் வானம் வெளுத்திருக்கும். ஜூலை, ஆகஸ்டில் வருகிறவர்களுக்குப் பறவைகள் கிடைக்காது, வெயிலும் சுடும். அப்போது விடியற்காலையில் போய் மதியத்துக்குள் திரும்புவதுதான் புத்திசாலித்தனம். ஞாயிற்றுக்கிழமையையும் காணும் பொங்கலையும் தவிர்த்து, வார நாளில் போங்கள்.

அடுத்தது வண்டி. செயலியில் டாக்சி பிடித்துப் போய் இறங்கிவிடலாம், திரும்பி வரத்தான் வண்டி கிடைக்காது. அதனால் நாள் முழுக்கக் கூடவே இருக்கிற மாதிரி, தெரிந்த டிராவல்ஸில் கார் பேசுங்கள். உள்ளூர் வாடகையை வழக்கமாக '8 மணி நேரம், 80 கிலோமீட்டர்' என்று சொல்வார்கள். பழவேற்காடு போய்வர அது போதாது. மிஞ்சுகிற ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் தனியாகக் கணக்கு ஏறும். வெளியூர்க் கணக்கில் பேசினால் இன்னொரு சிக்கல்: நீங்கள் ஓடாத தூரத்துக்கும் சேர்த்து ஒரு நாளைக்கு இத்தனை கிலோமீட்டர் என்று குறைந்தபட்சத் தொகை வைத்திருப்பார்கள். '12 மணி நேரம், 120 கிலோமீட்டர்' தருவீர்களா என்று கேளுங்கள், அதுதான் இந்தப் பயணத்துக்குப் பொருந்தும். டோல், பார்க்கிங், டிரைவர் பேட்டா எல்லாம் அடக்கமா தனியா என்பதை முதல் நாளே வாட்ஸ்அப்பில் எழுதி வாங்கிவிடுங்கள். பேச்சோடு விட்டால் மாலையில் வீட்டு வாசலில் வாக்குவாதம் வரும்.

மஞ்சள் போர்டு, அதாவது வாடகை வண்டியாகப் பதிவான வண்டியாகப் பார்த்து எடுங்கள். "நம்ம பையனோட கார் சும்மாதான் நிக்குது, டீசல் போட்டுக் கொஞ்சம் குடுத்தா போதும்" என்று வெள்ளை போர்டு வண்டியை யாராவது அன்போடு ஏற்பாடு செய்வார்கள். வாடகைக்கு ஓட்டும்போது விபத்து நடந்தால் காப்பீடு கைகொடுக்காமல் போகலாம். பூநாரைகளைப் பார்க்க அப்படியே ஆந்திர எல்லைக்குள், சூலூர்ப்பேட்டை வரை போகும் எண்ணம் இருந்தால், வேறு மாநிலத்துக்குள் ஓட்ட வண்டிக்கு பெர்மிட் உண்டா என்றும் கேட்டுவிடுங்கள்.

குழந்தைகளோடு வருகிறவர்களுக்கு ஒரு விஷயம். இங்கே வாடகை வண்டிகளில் பின்சீட்டில் பெல்ட் இருக்கும், அதை மாட்டும் கொக்கி மட்டும் சீட் கவருக்கு அடியில் புதைந்து கிடக்கும். காலையில் வண்டி வந்ததும், யாரும் ஏறுவதற்கு முன்பே, "அண்ணா, பின்னாடி பெல்ட்டை எடுத்து விட்டுடுங்க" என்று சொல்லுங்கள். கவரைத் தூக்கி, கையை விட்டுத் துழாவி எடுத்துக் கொடுப்பார். எல்லோரும் உட்கார்ந்த பிறகு சொன்னால் நடக்காது. குழந்தை சீட் வேண்டுமென்றால் நீங்கள்தான் கொண்டுவர வேண்டும்.

காலை 5 மணிக்குக் கிளம்பிவிடுங்கள். திருவொற்றியூர், தண்டையார்பேட்டை பக்கத்திலிருந்து போகிறவர்களுக்கு மணலி, மீஞ்சூர் வழியாகப் பொன்னேரி போகும் டிபிபி சாலை நேர்வழி. துறைமுகத்துக்கு வந்துபோகும் கன்டெய்னர் லாரிகளும் டிரெய்லர்களும் அந்தச் சாலையில்தான் வரிசை கட்டும். விடிவதற்குள் மணலியைத் தாண்டிவிட்டால் நிம்மதி. பெரம்பூர், மாதவரம் பக்கத்தில் தங்கியிருந்தால் செங்குன்றம் வழியாக ஜிஎன்டி சாலையில் போய், நல்லூர் டோல்கேட் கடந்து, தச்சூர் கூட்டு ரோட்டில் வலப்பக்கம் திரும்பினால் பொன்னேரி. இரண்டு வழியும் அங்கே சேர்ந்துவிடும்.

கார் வேண்டாம் என்கிற இளைஞர்கள் மெட்ரோவில் விம்கோ நகர் வரை வந்து, அங்கேயே புறநகர் ரயில் மாறி, கும்மிடிப்பூண்டி வண்டியில் பொன்னேரியில் இறங்கி பஸ் பிடிக்கலாம். பெரியவர்களோடு போனால் கார்தான்.

பொன்னேரியில் மூன்று வேலைகளை முடித்துவிடுங்கள்: இட்லி சாப்பிடுவது, ஏடிஎம்மில் பணம் எடுப்பது, கழிப்பறை போவது. இந்த மூன்றும் அதற்கு மேல் கடினம், கடைசியாகச் சொன்னது பெண்களுக்கு ரொம்பவே கடினம். பழவேற்காட்டில் மீன் விற்கிற அக்காகூட ஜிபே வைத்திருப்பார், ஆனால் வெளிநாட்டு வங்கி அட்டை மட்டும் வைத்திருக்கிற உங்களுக்கு அது உதவாது. நூறும் ஐம்பதுமாகச் சில்லறை நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். கோயில் பார்க்கும் ஆசை உள்ளவர்களுக்குப் பொன்னேரியில் அகத்தீஸ்வரர் கோயிலும், போகிற வழியில் திருப்பாலைவனத்தில் திருப்பாலீஸ்வரர் கோயிலும் இருக்கின்றன.

ஊருக்குள் நுழைந்ததும் முதலில் டச்சுக் கல்லறைக்குப் போங்கள். வெயில் ஏறினால் அங்கே நிற்க முடியாது. தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. கேட் பூட்டியிருந்தால் அக்கம்பக்கத்தில் கேட்டால் காவலாளியைக் காட்டுவார்கள். வாசலின் இருபுறமும் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகள் நிற்கும். பிள்ளைகள் முதலில் ஓடுவது அவற்றிடம்தான். உள்ளே பெரிய பெரிய பலகைக் கற்களில் பழைய டச்சு எழுத்துகளும் குடும்பச் சின்னங்களும். விரல் வைத்துத் தடவினால் எழுத்தின் விளிம்பு இன்னும் கூராகவே இருக்கிறது. 1600களில் இறந்தவர்களின் கல் அது.

டச்சுக்காரர்கள் 1613இல் இங்கே கெல்டிரியா என்ற கோட்டையைக் கட்டினார்கள். 1690இல் தலைமையிடத்தை நாகப்பட்டினத்துக்கு மாற்றும்வரை, சோழமண்டலக் கரையில் அவர்களுடைய தலைநகரம் இந்த ஊர்தான். கோட்டை இருந்த இடத்தில் இப்போது புதரும் அகழியின் தடமும்தான் மிச்சம். இங்கிருந்து கைத்தறித் துணி கிழக்காசியாவுக்குக் கப்பல் ஏறியது என்று எல்லா வழிகாட்டிகளும் சொல்வார்கள். மனிதர்களும் ஏற்றப்பட்டார்கள் என்பதைத்தான் சொல்லாமல் விட்டுவிடுவார்கள். பஞ்சத்திலும் போரிலும் எல்லாம் இழந்த நம் மக்களை விலைக்கு வாங்கி, டச்சுக் கம்பெனி அடிமைகளாக பத்தாவியாவுக்கு, இன்றைய ஜகார்த்தாவுக்கு, அனுப்பியது இந்தத் துறையிலிருந்துதான். தோட்ட வேலைக்கு ஒப்பந்தக் கூலிகளாக ஆள் கட்டிப் போனதற்கு இருநூறு வருஷம் முந்திய கதை இது. மலேசியாவிலிருந்தோ மொரீஷியஸிலிருந்தோ தென்னாப்பிரிக்காவிலிருந்தோ வருகிறவர்கள் அந்த அழகான கற்களுக்கு நடுவே நிற்கும்போது இதையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். வாங்கியவனுக்குப் பெயர் பொறித்த கல் இருக்கிறது, கப்பலேறியவருக்கு ஒரு எழுத்துகூட இல்லை.

கல்லறையிலிருந்து மகிமை மாதா ஆலயம் பக்கம்தான். 1515இல், போர்த்துகீசியர் காலத்தில் தொடங்கியது. ஆதிநாராயணப் பெருமாள் கோயில் செம்புராங்கல்லில் கட்டியது, சின்னச் சின்ன ராமாயணச் சிற்பங்களை உற்றுப் பார்த்தால்தான் தெரியும். பள்ளிவாசல்களும் பழமையானவை. வெள்ளிக்கிழமை மதியத் தொழுகை நேரத்தைத் தவிர்த்துவிட்டு, உள்ளே போகலாமா என்று கேட்டுப் போங்கள். தோள், முழங்கால் மறைகிற உடையாக இருந்தால் எல்லா இடத்துக்கும் அதுவே போதும்.

அப்புறம் ஏரி. ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்தபடியாக இந்தியாவிலேயே பெரிய உப்புநீர் ஏரி. பெரும்பகுதி ஆந்திராவில், தென்கோடி மட்டும் நம்மிடம். கடலுக்கும் ஏரிக்கும் நடுவே கிடக்கும் நீண்ட மணல் திட்டில்தான் ஸ்ரீஹரிகோட்டா இருக்கிறது. அதனால் டிரோன் கேமராவை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள். வெளியே எடுத்தால் போலீஸ் ஸ்டேஷனில்தான் நாள் கழியும். ராக்கெட் விடுகிற நாள் என்றால் மீனவர்களைக் கடலுக்கு விடமாட்டார்கள், சந்தையும் வெறிச்சென்று இருக்கும்.

பல இடங்களில் ஏரி இடுப்பளவுகூட ஆழம் இல்லை. இருளர் பழங்குடிப் பெண்கள் தண்ணீரில் உட்கார்ந்தபடியே நகர்ந்து, சேற்றைக் கையால் தடவி இறால் பிடிப்பதைக் காலையில் பார்க்கலாம். பனையோலைப் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, பிடித்த இறாலை அதற்குள் போடுவார்கள். ஏரியில் யார் எங்கே, எந்த நாளில் வலை கட்டலாம் என்பதற்கு மீனவர்களிடையே பாடு என்ற பழைய முறை உண்டு. முறை வைத்து இடம் மாறும், அதற்காகச் சண்டையும் நடந்திருக்கிறது, சமாதானமும் ஆகியிருக்கிறது. படம் எடுக்கும் முன் கேளுங்கள். வேண்டாம் என்றால் கேமராவை இறக்கிவிடுங்கள்.

பூநாரை பார்க்க ஆசைப்படுகிறவர்கள் ஏரியின் மேற்குக் கரையில் இருக்கும் அண்ணாமலைச்சேரிக்கு வண்டியை விடச் சொல்லுங்கள். தூரத்தில் வெள்ளைக் கோடு போலத்தான் முதலில் தெரியும். பைனாகுலர் வைத்தால்தான் அதன் இளஞ்சிவப்பும் வளைந்த அலகும் துலங்கும். கிட்டே போகாதீர்கள். ஒன்று பறந்தால் கூட்டமே கிளம்பிவிடும், பாவம், மேய்ச்சலும் கெட்டுப்போகும்.

படகு விஷயத்தில் மட்டும் நான் கண்டிப்பாகச் சொல்கிறேன். 2011 டிசம்பர் 25 அன்று இங்கே உல்லாசமாகப் போன படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். அதன்பிறகு சுற்றுலாப் படகுச் சவாரிக்குத் தடை போட்டார்கள். ஆனாலும் கரையில் நின்றால் யாராவது வந்து "முகத்துவாரம் வரைக்கும் போய்ட்டு வரலாம் வாங்க" என்று கூப்பிடுவார்கள். அவர்கள் ஏமாற்றுக்காரர்கள் இல்லை, பிழைப்புக்காகக் கூப்பிடுகிறார்கள். அரசு அனுமதியும் ஆளுக்கொரு லைஃப் ஜாக்கெட்டும் இல்லாத படகில் ஏறவே ஏறாதீர்கள். ஏரி ஆழமில்லைதான், ஆனால் அது கடலோடு சேரும் முகத்துவாரத்தில் நீரின் இழுப்பு வேறு மாதிரி.

கடற்கரைக்கு ஊரிலிருந்து பாலம் கடந்து லைட் ஹவுஸ் குப்பம் பக்கம் போக வேண்டும். சுத்தமான நீளமான மணல், கூட்டம் குறைவு, நிழல் இல்லை. கால் நனைத்துக்கொள்ளுங்கள், அதோடு நிறுத்துங்கள். குளிக்கிற கடல் இல்லை இது, ஆபத்தென்றால் இழுத்துப்போட உயிர்காப்பாளரை நம்பி இறங்க முடியாது. கரையில் காயும் வலையின் மேல் பிள்ளைகள் நடக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் வயதானவர்கள் இருந்தால் ஒருவரையாவது கூட்டிப்போங்கள். பக்கிங்காம் கால்வாய் வழியாகப் படகில் விறகும் கிளிஞ்சலும் பட்டணத்துக்கு வந்த காலத்தைப் பார்த்தவர்கள் இன்னும் வடசென்னையில் இருக்கிறார்கள். அந்தப் பாலத்தருகே வண்டியை நிறுத்தினால் அவர்களே பேச ஆரம்பித்துவிடுவார்கள்.

சாப்பாட்டுக்குச் சின்ன மெஸ்கள்தான். அன்றைய மீன் குழம்பும் வறுவலும் கிடைக்கும். டிரைவரையும் கூட உட்காரவைத்துச் சாப்பிடச் சொல்லுங்கள். விடியற்காலையிலிருந்து உங்களோடு அலைகிறவர் அவர்.

கிளம்பும் முன் நண்டு வாங்குங்கள். மூடி போட்ட பெட்டி ஒன்று வீட்டிலிருந்தே எடுத்து வந்தால், ஐஸ் அங்கே கிடைக்கும். காலைக் கட்டி வைத்திருக்கும் சேற்று நண்டு உயிரோடு இருக்க வேண்டும். கண்ணருகே விரலைக் கொண்டுபோனால் சட்டென்று கண்ணை உள்ளே இழுத்துக்கொள்ளும். செத்த நண்டு எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம். அளவைப் பார்க்காமல் கையில் தூக்கிப் பாருங்கள், கனமாக இருப்பதில்தான் சதை இருக்கும். கவிழ்த்துப் பார்த்தால் வயிற்று மடிப்பு அகலமாக, வட்டமாக இருப்பது பெண், குறுகலாக இருப்பது ஆண். பேரம் பேசலாம், ஆனால் டாலரை ரூபாயாக மாற்றி வைத்திருக்கிற நாம் பத்து ரூபாய்க்காக ஒரு மீன்காரம்மாவிடம் மல்லுக்கு நிற்க வேண்டாம். சுத்தம்செய்து தரச் சொன்னால் அதற்குத் தனியாகக் கொடுங்கள். பனையோலைக் கூடையும் பெட்டியும் இங்குள்ள பெண்கள் பின்னுகிறார்கள். எடை இல்லாதது, விமானத்தில் கொண்டுபோக இதைவிட நல்ல பொருள் கிடையாது.

மதியம் 3 மணிக்குள் வண்டியை எடுத்துவிடுங்கள். மாலையில் மீஞ்சூரிலிருந்து மணலி வரை மறுபடியும் டிரெய்லர் வரிசைதான். வரிசையில் மாட்டிக்கொண்டால் வீட்டுக்குப் போன் போட்டு, மிளகும் சீரகமும் பூண்டும் அரைத்து வைக்கச் சொல்லிவிடுங்கள். அந்த நண்டை அன்று ராத்திரியே ரசம் வைத்துவிட வேண்டும்.