சின்னப் பிள்ளையளுக்குக் கருத்துக் கட்டுரை பழக்கக்குள்ள நாங்க விடுற பிழைகள்

தரம் 3, 4, 5 பிள்ளையளுக்குப் படிப்பிக்கிற ஆக்களுக்காகத்தான் இத எழுதுறன், வீட்டுல பிள்ளைய இருத்தி வச்சுச் சொல்லிக் குடுக்கிற அம்மாமாரும் வாசிக்கலாம். "என்ட கருத்து இது, ஏனெண்டா இதுக்காக" எண்டு பிள்ளை எழுதுற கட்டுரையத்தான் சொல்றன். பசு, எனது பாடசாலை, மழைநாள் எல்லாம் அழகா எழுதுற பிள்ளை இதுல மட்டும் வந்து பென்சிலக் கடிச்சுக்கொண்டு இருக்கும். கனக்கப் பிழை எங்கட பக்கத்துலதான் கிடக்கு.

முதல் தலைப்பு. "சூழலைப் பாதுகாப்போம்", "கைத்தொலைபேசியின் தீமைகள்" எண்டு போர்டுல எழுதிப்போட்டு கருத்து எழுதுங்க எண்டா என்னத்த எழுதுற? முடிவ நாங்களே தலைப்புல சொல்லியாச்சு, பிள்ளைக்கு மிச்சம் அதத் திருப்பிச் சொல்றது மட்டும்தான். ரெண்டு பக்கமும் ஆக்கள் நிக்கக்கூடிய கேள்வியாப் பார்த்துக் குடுங்க, அதுவும் பிள்ளை கண்ணால கண்ட விசயமா இருக்கட்டும். நான் ஒருக்கா குடுத்தது, எங்கட மட்டக்களப்புல பழைய கல்லடிப் பாலத்தால மோட்டார் சைக்கிள் போக விடலாமா, இல்ல நடக்கிறாக்களுக்கு மட்டும் விடுறதா எண்டு. 1924ல திறந்த பாலம் அது, பக்கத்துல 2013ல புதுப்பாலம் திறந்தாப்பிறகு பழையதுல பின்னேரத்துல காத்து வாங்குறதுக்கும் தூண்டில் போடுறதுக்கும் ஆக்கள் வந்து நிக்கிறது எங்கட பிள்ளையளுக்கு நல்லாத் தெரியும். அப்பாவோட தூண்டில் போடப் போற பிள்ளை ஒரு பக்கம், அப்பாட மோட்டார் சைக்கிள்ல ஸ்கூலுக்கு வாற பிள்ளை மற்றப் பக்கம், எழுதத் தொடங்க முதலே வகுப்பு ரெண்டாப் பிரிஞ்சிட்டு.

இதுல ஒண்டு, பொங்கல் விழாவுல நடக்கிற பட்டிமன்றம் மாதிரி "நீ இந்தப் பக்கம், நீ அந்தப் பக்கம்" எண்டு நாங்களே பிரிச்சு விடக்கூடாது. பேச்சுக்கு அது நல்ல பயிற்சி, ஆனா எழுத்துல பிள்ளைட சொந்தக் கருத்துதான் வேணும். எங்கட கருத்துக்கு மாறா எழுதின பிள்ளைக்குப் புள்ளியக் குறைக்கிறதும் இதே பிழைதான், ஒருக்கா குறைச்சாப் போதும், அடுத்த முறை முழு வகுப்பும் ரீச்சர்ட முகத்தப் பார்த்துத்தான் எழுதும்.

அடுத்தது முன்னுரையச் சொல்லிக் குடுக்கிறது. "இன்றைய நவீன உலகிலே" எண்டு தொடங்குற பந்திய போர்டுல எழுதிக் குடுத்தா முப்பது கொப்பியிலயும் அதே பந்திதான் வரும். புலமைப்பரிசில் பரீட்சைக்கு எண்டு ரியூஷன்லயும் இப்பிடித்தான் பாடமாக்கிக் குடுக்கிறாங்க, பெற்றோர்ட பயம் விளங்குது, ஆனா பாடமாக்கின பிள்ளைக்குப் புதுத் தலைப்பு வந்தா கை ஓடாது. முதல் வசனத்துலயே கருத்தச் சொல்லச் சொல்லுங்க, அது காணும்.

இனி காரணம். இதுலதான் கூட நேரம் செலவழிக்க வேணும். "மரம் வேணும், ஏனெண்டா மரம் நல்லது" எண்டு எழுதினத காரணம் எண்டு எடுத்து சரி போட்டு விடுறம், அது காரணமே இல்ல, சொன்னதையே வேற சொல்லுல சொன்னது. வாவிக்கு அங்கால, படுவான்கரைப் பக்கம் நான் படிப்பிச்ச நேரம் ஒரு பிள்ளை "எங்கட ஊருக்குப் பாலம் வேணும், பாலம் இருந்தா நல்லம்" எண்டு ரெண்டு வரி எழுதிக்கொண்டு வந்தா. மண்முனையில 2014ல பாலம் திறந்திட்டு, இவட ஊர்ல அப்பவும் பாதையிலதான் (ஆக்கள ஏத்தி இறக்குற மிதவை) வாவியக் கடக்கிற.

"ஏன் மகள் நல்லம்?"

"கெதியாப் போகலாம் ரீச்சர்."

"கெதியாப் போய் என்ன செய்யிற?"

கொஞ்ச நேரம் கதைக்கல்ல. பிறகு சொன்னா, அம்மம்மாக்கு இழுப்பு வந்த அண்டு கரைக்குக் கொண்டு வந்தா பாதை அங்கால கரையில நிண்டதாம், மழை பெஞ்சதாம், அம்மா சாறிட தலைப்பால அம்மம்மாட தலையப் பொத்திக்கொண்டு நிண்டாவாம். அத அப்பிடியே எழுதுங்க எண்டன். அதுக்குப் பிறகு வேற காரணம் அந்தக் கட்டுரைக்குத் தேவைப்படல்ல. "ஏனெண்டா" எண்டு ஒருக்கா கேட்டு விடாதீங்க, ரெண்டாந்தரமும் கேளுங்க, முதல் பதில் பெரியாக்கள்ட்டக் கேட்டதா இருக்கும், ரெண்டாவதுலதான் பிள்ளைட சொந்தக் காரணம் வெளிய வரும்.

அவ கொண்டு வந்து தந்த தாள்ல "மளை", "நிண்டிச்சி", "பொத்திக்கு நிண்ட" எண்டெல்லாம் கிடந்தது. அந்த நேரம் சிவப்புப் பேனைய எடுக்கிறது பெரிய பிழை. வீட்டுல கதைக்கிற தமிழ் ஒண்டு, கொப்பியில எழுதுற தமிழ் ஒண்டு, ரெண்டையும் ஒரே நேரத்துல சுமக்கச் சொன்னா பிள்ளை தெரிஞ்ச சொல்ல மட்டும் வச்சு சின்னதா எழுதிட்டு எழும்பிரும். முதல்ல வாயால சொல்ல விடுங்க, பிறகு சொன்ன மாதிரியே எழுத விடுங்க, அடுத்த நாள் இருந்து "நிண்டிச்சி"ய "நின்றது" ஆக்கலாம், ல ழ ள பார்க்கலாம். வாசிச்ச உடன ஒரு வரி எழுதிக் குடுங்க, எழுத்துப் பிழைய இல்ல, காரணத்தப் பத்தி.

எதிர்ப்பக்கத்துக்குப் பதில் சொல்றது தரம் 3க்கு வேணாம், ஒரு கருத்து ரெண்டு காரணம் போதும். தரம் 5க்கு "சில பேர் இப்பிடிச் சொல்லுவாங்க, ஆனா..." எண்டு ஒரு வசனம் பழக்கலாம்.

கடைசியா, ஆருக்கு எழுதுற எண்டு சொல்லாம விடுறது. அம்மாவ இணங்க வைக்கிற காரணம் வேற, அதிபர இணங்க வைக்கிற காரணம் வேற. எழுதினத கொப்பிக்குள்ள மூடி வைக்காம அந்த ஆள்ட்டயே குடுக்கவும் வேணும். ஒருக்கா இன்டர்வெல் நேரம் போதாது எண்டு அதிபருக்கு எழுதினாங்க, ஒரு பிள்ளை பைப்படியில நிண்டு எண்ணி, மணி அடிக்கிற நேரம் 11 பேர் இன்னும் கை கழுவல்ல எண்டு எழுதியிருந்தான். அதிபர் வாசிச்சிட்டு வகுப்புக்கு வந்தார். இன்டர்வெல்லக் கூட்டினா 1.30க்கு ஸ்கூல் விடேலாது, பஸ்ல போற பிள்ளையள் மாட்டுப்படுவாங்க, ஆனா இன்னொரு பைப் போட்டுத் தரலாம் எண்டார். அவர் போய்க் கொஞ்ச நேரத்துல பின் வாங்குல இருந்து ஒருத்தன் எழும்பினான், "ரீச்சர், காலைக்கூட்டத்தக் குறைச்சா ரெண்டும் செய்யலாம்தானே, இன்னொரு கடிதம் எழுதவா?"