அந்துப்பூச்சிக்கு ஒரு பழைய வேட்டி

அந்துப்பூச்சிகளைப் படமெடுத்துப் பதிவு செய்ய, மொட்டைமாடிக் கொடிக்கயிற்றில் பழைய வெள்ளை வேட்டியைக் கட்டி, அதன் முன்னால் வெள்ளை வெளிச்சம் தரும் எல்இடி பல்பு ஒன்றைத் தொங்கவிடுங்கள். மஞ்சள் பல்பு வேண்டாம். அந்துப்பூச்சியின் கண்ணுக்குப் புற ஊதாவும் நீலமும்தான் நன்றாக எடுபடும். மஞ்சள் வெளிச்சத்தில் அவை குறைவு. பல்பைச் சுற்றிக் கிறுகிறுக்கும் பூச்சி துணி கிடைத்தால் இறங்கி உட்கார்ந்துவிடும், கைபேசி கேமராவே போதும். அளவு தெரிய ஓர் ஓரத்தில் தையல் டேப்பைக் குத்தி வையுங்கள். அடையாளம் காண்பவர்களுக்கு அது உதவும்.

வேலை முடிந்ததும் விளக்கை அணைத்து, துணியை மெதுவாக உதறிவிடுங்கள். விடியும்வரை விட்டால் காக்கைக்கும் மைனாவுக்கும் காலைப் பலகாரம்தான்.

பௌர்ணமியை ஒட்டிய இரவுகளில் வரத்து குறையும். பெசன்ட் நகர், திருவான்மியூர் போலக் கடற்காற்று வீசும் மாடிகளில் துணி நிற்காது. அங்கே காற்று மறைவான மாடிப்படிச் சுவரே மேல். பகலில் பறக்கும் அந்துப்பூச்சிகளுக்கு இந்த உத்தி பலிக்காது.