பகல் வெளிச்சத்தைக் கொண்டு உடல் கடிகாரத்தைச் சீராக்குவது எப்படி?

இரவில் தூக்கம் தள்ளிப்போகிறது, காலையில் எழ முடியவில்லை என்று வருந்துவோர் பெரும்பாலும் இரவுப் பழக்கங்களை மட்டுமே மாற்றிப் பார்க்கிறார்கள். பகலில் கண்ணுக்கு எட்டும் வெளிச்சத்தை முதலில் கவனிப்பதே நல்லது என்பது என் உறுதியான கருத்து.

மூளையின் ஹைப்போதலாமஸ் பகுதியில் உள்ள ஏறத்தாழ 20,000 நரம்பணுக்களின் திரளே, தூக்கம், விழிப்பு நேரங்களை வகுக்கும் உடலின் தலைமைக் கடிகாரம். பெரும்பாலோருக்கு அதன் ஒரு சுற்று 24 மணி நேரத்தைவிடச் சற்று நீளமானது என்பதால், நாள்தோறும் வெளிச்சத்தால் திருத்தப்படாவிட்டால் அது மெல்லப் பின்தங்கும். விழித்திரையில் மெலனாப்சின் என்ற நிறமியைத் தாங்கிய நரம்பணுக்கள், குறிப்பாக 480 நானோமீட்டரை ஒட்டிய நீல ஒளியை உணர்ந்து, அந்தச் செய்தியைக் கடிகாரத்துக்கு அனுப்புகின்றன.

முதலில், கைபேசியில் வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகில் அளக்கும் ஒரு லக்ஸ் மீட்டர் செயலியை நிறுவி, கண் உயரத்தில் பிடித்து, அறையின் நடுவிலும் ஜன்னலோரத்திலும் வாசலுக்கு வெளியிலும் அளந்து பாருங்கள். அறைக்குள் சில நூறு லக்ஸ்தான் காட்டும். மேகமூட்டமான பகலிலும் வெளியே அது பல ஆயிரமாக ஏறும், நேர் வெயிலில் 1 லட்சத்தை எட்டும். செயலியின் அளவு துல்லியமானதன்று. இருப்பினும், எந்த வெளிச்சத்துக்கும் கண் பழகிவிடுவதால் நமக்கு உறைக்காத வேறுபாட்டை அது கண்முன் காட்டிவிடும்.

அடுத்து, எழுந்த ஒரு மணி நேரத்துக்குள் அரை மணி நேரமாவது வெளியில் நடங்கள். சூரியனை நேராகப் பார்க்க வேண்டாம்; திறந்தவெளியில் இருந்தாலே போதும்.

இதில் பலர் தவறுவது நேரக் கணக்கில்தான். வழக்கமாக விழிக்கும் நேரத்துக்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பு உடல் வெப்பநிலை மிகக் குறைவாக இருக்கும். அந்த நேரத்துக்குப் பின் படும் வெளிச்சம் கடிகாரத்தை முன்னே நகர்த்தும், அதாவது தூக்கமும் விழிப்பும் சீக்கிரமே வரும்; அதற்கு முன் படுவது அவற்றைத் தாமதமாக்கும். ஆகவே, காலை 11 மணிக்கு எழுந்து பழகியவர் திடீரென 6 மணிக்கு வெயிலில் நின்றால், அவரது தூக்கம் மேலும் தள்ளிப்போகக்கூடும். அவர் 11 மணி வெளிச்சத்திலேயே தொடங்கி, ஓரிரு நாளுக்கு ஒருமுறை அரை மணி நேரம் முன்னதாக எழுந்து வெளியே செல்வதே சரியான வழி.

பகல் முழுவதும் இயன்றவரை ஜன்னலருகே அமருங்கள். பகலில் நிறைய வெளிச்சம் பெற்றவர்களுக்கு, மாலை விளக்குகளால், இரவு வந்ததை உடலுக்கு உணர்த்தும் மெலடோனின் என்ற ஹார்மோனின் சுரப்பு தடைபடுவது குறைகிறது. படுப்பதற்கு மூன்று மணி நேரம் முன்பிருந்தே விளக்குகளை மங்கலாக்குங்கள்.

விழித்திரை நோயோ இருமுனை மனநிலைக் கோளாறோ உள்ளவர்களும், ஒளிக்கூச்சம் தரும் மருந்து உட்கொள்பவர்களும் பகல் வெளிச்சத்துக்கு மாற்றாகப் பயன்படும் பிரகாசமான ஒளிச்சிகிச்சை விளக்குகளை மருத்துவரிடம் கேட்ட பிறகே பயன்படுத்த வேண்டும்.