தலைவர் பொறந்தநாளுக்கு ரத்ததான கேம்ப் போடப் போறீங்களா, இத படிச்சிட்டு போடுங்க

தலைவர் பொறந்தநாள் வருதுன்னா ஒரு மாசம் முன்னாடியே ஏரியால வசூல் ஆரம்பிச்சிரும், கட் அவுட்டுக்கு இவ்ளோ, மாலைக்கு இவ்ளோ, பாலுக்கு இவ்ளோ, பட்டாசுக்கு இவ்ளோன்னு. நானும் வியாசர்பாடில ஒரு ரசிகர் மன்றத்துல பன்னெண்டு வருஷம் செயலாளரா இருந்தவன்தான், அந்த சந்தோஷம் என்னன்னு தெரியும், அத விட்டுட்டு வாங்கன்னு யாரயும் கூப்பிட மாட்டேன். ஆனா ஒரு நடிகர் பேர சொன்னா விடியகாலைல நூறு பசங்க வந்து நிக்கறாங்க, அந்த நூறு பேர் ஒடம்புல ஓடற ரத்தம் சென்னைல ஸ்டான்லி ஆஸ்பத்திரிலயோ எழும்பூர் ஆஸ்பத்திரிலயோ யாருக்கோ தெனமும் தேவப்படுது. அதான் கேம்ப் எப்டி ஒழுங்கா போடறதுன்னு தெரிஞ்சத எழுதறேன், யார் மன்றமா இருந்தாலும் பரவால்ல.

இது ஒண்ணும் புதுசு இல்ல. 1967 ஜனவரில எம்.ஜி.ஆர் சுடப்பட்டப்ப ராயப்பேட்டை ஆஸ்பத்திரி வாசல்லயும் அப்புறம் ஜி.எச் வாசல்லயும் ஜனம் அழுதுட்டு நின்னத எங்கப்பா சொல்லி சொல்லி கேட்டு வளந்தவன் நான். கமல் தன் மன்றங்கள நற்பணி இயக்கமா மாத்தினாரு, சிரஞ்சீவி 1998ல டிரஸ்ட் ஆரம்பிச்சு ஹைதராபாத்ல பிளட் பேங்கே நடத்தறாரு. 2021ல புனித் ராஜ்குமார் இறந்தப்ப அவர் கண்ண தானமா குடுத்தாங்க, அத பாத்துட்டு கர்நாடகால எவ்ளோ பேர் கண்தானத்துக்கு பேர் குடுத்தாங்க. அதே பாசம்தான் 2023 ஜனவரில கோயம்பேடு பக்கம் ரோகிணி தியேட்டர் முன்னாடி ஒரு சின்னப் பையன லாரி மேல ஏத்தி ஆட வெச்சுது, விழுந்து செத்துட்டான். பாசத்துல கொற இல்ல, அத எங்க கொண்டு போய் விடறோம்ங்கறதுதான் விஷயம்.

மொதல்ல தேதி. எல்லாரும் தப்பு பண்ற எடம் இதான். எடுத்து வெச்ச ரத்தத்துல தட்டணுக்கள் அதாவது பிளேட்லெட் அஞ்சு நாள்தான் தாங்கும், சிவப்பணு 35லேந்து 42 நாள் வரைக்கும்தான். சென்னைல இருக்கற எல்லா மன்றமும் ஒரே நாள்ல கேம்ப் போட்டா அன்னிக்கு பிளட் பேங்க் ரொம்பி வழியும், ரெண்டு மாசம் கழிச்சு ஒரு பை கேட்டா இருக்காது. ஒரு வருஷம் எங்க ஏரியாலயே மூணு மன்றம் ஒரே காலைல போட்டோம், யார்கிட்ட அதிக யூனிட்னு போட்டி வேற, பிளட் பேங்க்லேந்து வந்த டீம் பத்தர மணிக்கெல்லாம் "போதும்பா, பை தீந்துருச்சு, மீதி பேர் அடுத்த மாசம் வாங்க"ன்னுட்டாங்க, அறுவது பசங்க சாப்ட்டு ரெடியா வந்தவங்க அப்டியே திரும்பி போனாங்க. அந்த அறுவதுல அடுத்த மாசம் வந்தது நாலு பேர். இன்னிக்கும் எனக்கு ஆறல அது.

அதனால உங்ககிட்ட நூறு பேர் இருந்தா பொறந்தநாளுக்கு முப்பது பேர மட்டும் எடுங்க. இன்னொரு முப்பது பேர ஏப்ரல் மே மாசத்துக்கு வெச்சுக்கோங்க, காலேஜ் லீவு விட்டா காலேஜ் கேம்ப்பெல்லாம் நின்னுடும், அப்பதான் பஞ்சம். மீதிய மழ சீசனுக்கு, டெங்கு வந்தா பிளேட்லெட்டுக்கு அலைவாங்க. ஆம்பளைங்க மூணு மாசத்துக்கு ஒரு தடவ குடுக்கலாம், பொம்பளைங்க நாலு மாசத்துக்கு ஒரு தடவ, ஸோ ஒரே ஆளே வருஷத்துல ரெண்டு மூணு தடவ வர முடியும். பக்கத்து ஏரியா மன்றத்துக்காரங்க எதிர் கோஷ்டி ஹீரோவோட ரசிகர்களா இருந்தாலும் போய் பேசி தேதிய பிரிச்சுக்கோங்க, நாங்க அப்டி பேச ஆரம்பிச்சப்புறம்தான் பல வருஷ சண்டயே கொஞ்சம் தணிஞ்சுது.

தேதி முடிவானா மூணு நாலு வாரம் முன்னாடியே பிளட் பேங்க் ஆபீசர பாத்து மன்றத்து பேர்ல ஒரு லெட்டர் குடுங்க. லைசென்ஸ் இருக்கற பிளட் பேங்க் மட்டும்தான் ரத்தம் எடுக்கலாம். ஸ்டான்லி, ஜி.எச், கீழ்ப்பாக்கம், எழும்பூர்னு உங்களுக்கு கிட்ட எதுவோ அங்க போங்க. எத்தன யூனிட் எடுத்துப்பீங்கன்னு கேட்டு அந்த நம்பருக்கு மேல ஆள் சேக்காதீங்க. டாக்டர், நர்ஸ், பை எல்லாம் அவங்களே கொண்டு வருவாங்க, நீங்க குடுக்க வேண்டியது காத்தோட்டமான எடம், ஃபேன், டாய்லெட், குடிக்க தண்ணி. தியேட்டர் வாசல் வேணாம், டிரம் செட் அடிச்சுகிட்டு பட்டாசு வெடிச்சுகிட்டு ஒருத்தன் கையில ஊசி ஏறக்கூடாது, ஸ்கூலோ சமுதாயக் கூடமோ கேளுங்க. பேனரும் வேணாம். 2019ல பள்ளிக்கரணைல ரோட்ல வெச்ச பேனர் விழுந்து ஸ்கூட்டில போன பொண்ணு உயிர் போச்சு, அது கட்சிக்காரங்க பேனர்தான், ஆனா நம்ம பேனரும் அதே கம்புல அதே கயித்துலதான் நிக்குது.

யார் குடுக்கலாம்னா 18லேந்து 65 வயசு, எட 45 கிலோவுக்கு கொறயக்கூடாது, ஹீமோகுளோபின் 12.5 இருக்கணும், அத அங்கயே விரல்ல குத்தி பாத்துருவாங்க. நம்ம பசங்களுக்குன்னே சில விஷயம் இருக்கு. தலைவர் பேர கையில பச்ச குத்தினவன் ஒரு வருஷத்துக்கு குடுக்க முடியாது, இத முன்னாடியே சொல்லிடுங்க, எத்தன பேர் லைன்ல நின்னு ஏமாந்துருக்காங்க. மொத நாள் ராத்திரி பூரா கட் அவுட் கட்டிட்டு தூங்காம வந்தவன், தண்ணி அடிச்சுட்டு வந்தவன், இவங்கள அன்னிக்கு சேக்காதீங்க. வெறும் வயித்தோட யாரும் படுக்கக்கூடாது, நாலு இட்லி சாப்ட்டு வரச் சொல்லுங்க. எடுக்கறது 350 மில்லி, பத்து நிமிஷ வேல, முடிச்சதும் ஜூஸ் குடுத்து பத்து பதினஞ்சு நிமிஷமாச்சும் உக்கார வெச்சு அனுப்புங்க, உடனே வண்டி எடுக்க விடாதீங்க.

இப்ப நான் சொல்லப்போறது ரொம்ப முக்கியம். குடுக்கறதுக்கு முன்னாடி ஒரு ஃபார்ம் தருவாங்க, மஞ்சக்காமாலை வந்துச்சா, என்ன மாத்திர சாப்டறீங்க, இன்னும் சொந்த விஷயமெல்லாம் கேப்பாங்க. நம்ம பையன் பக்கத்துல பத்து ஃப்ரெண்ட்ஸ் நின்னா உண்மைய எழுத மாட்டான். "தலைவனுக்காக ரத்தம் குடுக்க மாட்டியா"ன்னு ஒருத்தன் கேட்டா போதும், ஒடம்புல என்ன இருந்தாலும் மறச்சுட்டு படுத்துருவான். எச்.ஐ.வி, ஹெபடைடிஸ் எல்லாம் டெஸ்ட் பண்ணிதான் ஏத்தறாங்க, ஆனா கிருமி புதுசா வந்துருந்தா டெஸ்ட்ல தெரியாம போகலாம், அது ஒரு கொழந்தைக்கு போகும். ஸோ ஃபார்ம் எழுதற எடத்துல தனியா ஒரு டேபிள் போடுங்க, மன்றத்து ஆள் ஒருத்தனும் அங்க நிக்கக்கூடாது. ஒருத்தன் வேணாம்னு திரும்பி வந்தா ஏன்னு கேக்காதீங்க, தண்ணி கேன் தூக்கற வேலய குடுங்க, அவனும் கேம்ப்க்கு வந்தவன்தான். இதே காரணத்துக்காகத்தான் ரத்தம் குடுத்தா ஃபர்ஸ்ட் டே டிக்கெட்னு ஆசை காட்டாதீங்கன்னு சொல்றேன், காசுக்கு ரத்தம் வாங்கறத 1998லயே நிறுத்துனாங்க, டிக்கெட்டும் அன்னிக்கு காசு மாதிரிதான்.

போட்டோ எடுத்துக்கலாம், அதுல தப்பே இல்ல, தலைவர் போட்டோவ ஓரமா வெச்சுக்கோங்க, ஆனா படுத்துருக்கறவன் சரின்னு சொன்னா மட்டும் எடுங்க.

கேம்ப் முடிஞ்ச அன்னிக்கு சாயங்காலமே ஒரு வாட்ஸாப் குரூப் போட்ருங்க, யாருக்கு என்ன பிளட் குரூப், கடைசியா குடுத்த தேதி, நம்பர், இவ்ளோதான். அஜித் 2011லயே மன்றத்த கலைச்சுட்டாரு, ஆனா அந்தப் பசங்க வேற ஊருக்கா போயிட்டாங்க, எங்க ஏரியால இன்னிக்கும் ஓ நெகடிவ்னா மொத போன் அவங்கள்ல ஒருத்தருக்குதான். ராத்திரி ஒருத்தர் பதறிப்போய் கேட்டா எந்த ஆஸ்பத்திரி, எந்த வார்டு, எத்தன யூனிட், கூட இருக்கறவங்க நம்பர் என்னன்னு கேட்டு, அந்த நம்பருக்கு நீங்களே ஒரு தடவ பேசிட்டு அப்புறம் குரூப்ல போடுங்க, தேதி நேரம் கண்டிப்பா போடுங்க. கெடச்சதும் "கெடச்சிருச்சு"ன்னு போட்டு பழச அழிச்சிருங்க, இல்லனா ஆறு மாசம் கழிச்சும் அந்த மெசேஜ் சுத்திட்டே இருக்கும், ரத்தம் கேட்டவரோட போனும் அடிச்சுகிட்டே இருக்கும்.