கையை மட்டும் பார்த்துப் பெயர் வைக்காதீர்கள்

குமரி மாவட்டத்துச் சிதறால் மலையேறி வரும் புதியவர்கள் பாறைச் சிற்பங்களில் முதலில் பார்ப்பது கையைத்தான். நாங்களும் அப்படித்தான் தொடங்கினோம். பார்ப்பதில் பிழையில்லை; அதோடு நிறுத்திவிடுவதுதான் வினை.

மடியில் கை என்றால் புத்தர்

இன்றைக்கும் எரிச்சல் மூட்டும் தவறு இது. மடித்த கால், மடியில் இடக்கை மேல் வலக்கை. உடனே குறிப்பேட்டில் "புத்தர்". படத்தோடு அந்தப் பெயரும் ஊர் சுற்றுகிறது. 9ஆம் நூற்றாண்டு ஆய் மன்னன் விக்கிரமாதித்த வரகுணன் காலக் கல்வெட்டு உள்ள இந்தச் சமணப் பள்ளி, ஒரே சொல்லில் பௌத்தத் தலமாகிவிடுகிறது.

தியானக் கை இரு சமயத்துக்கும் பொது. ஆகவே முதலில் மார்பைப் பாருங்கள். புத்தருக்குப் பெரும்பாலும் இடத்தோளிலிருந்து மார்பின் குறுக்கே ஆடை விளிம்பு ஓடும். இங்குள்ள தீர்த்தங்கரருக்கு, அதாவது சமணர் வணங்கும் அருகருக்கு, ஆடையே இல்லை. அடுத்து, அவர் தலைக்கு மேல் முக்குடை, அதாவது மூன்றடுக்குக் குடை. தலைமேல் படமெடுத்த பாம்பை மட்டும் நம்பாதீர்கள்: பார்சுவநாதர் என்ற தீர்த்தங்கரருக்கு உள்ளதுபோல், முசலிந்த நாகம் புத்தருக்கும் குடை பிடிக்கும். ஆனால் நின்றபடி, தொடையில் படாமல் இரு கையையும் நேரே தொங்கவிட்டிருந்தால் அவர் தீர்த்தங்கரர்.

காரணம் பொருளில் இருக்கிறது. பற்றறுத்தவர் வரம் தருவதில்லை, 'அஞ்சாதே' என்று அபயமும் காட்டுவதில்லை. அதனால் தீர்த்தங்கரர் கை உயர்வதே இல்லை. புத்தரின் கை அபயம் காட்டும், நிலத்தையும் தொடும்.

கைபேசி விளக்கை நேரே அடித்தால் செதுக்கு தட்டையாகிவிடும். பக்கவாட்டில், பாறையை ஒட்டிச் சாய்த்துப் பிடியுங்கள். மெல்லிய கோடும் நிழல் விழுந்து எழும். எண்ணெயோ சுண்ணப் பொடியோ தடவவே கூடாது.

கடகமும் சின்முத்திரையும்

அம்மன் செப்புத் திருமேனிகளில் விரல்கள் வளைந்து நடுவில் இடம் விட்டிருப்பது கடகம்; பூச்செருகுவதற்கு. சின்முத்திரையில் பெருவிரலும் சுட்டுவிரலும் தொட, மற்ற மூன்றும் நிமிர்ந்திருக்கும். அது தட்சிணாமூர்த்தியின் உபதேசக் கை.

வள்ளுவர் ஆசி வழங்குகிறார் என்பது

அது ஆசி அல்ல. குமரிக் கடலில் 2000 சனவரி 1 அன்று திறந்த வள்ளுவர் சிலை காட்டும் மூன்று விரல் அறம், பொருள், இன்பம். அளவும் அதையே சொல்கிறது: பீடம் 38 அடி, அறத்துப்பால் அதிகாரங்கள்; சிலை 95 அடி, பொருளுக்கு 70, இன்பத்துக்கு 25.

அபயம், வரதம்

உள்ளங்கை நம்மை நோக்க, விரல் மேலே என்றால் அபயம். கீழே என்றால் வரதம், வரம் தரும் கை.

உடைந்த கை

ஊகிக்காதீர்கள். "உடைந்துள்ளது" என்றே எழுதுங்கள்.