நேசித்து வைத்திருக்கும் காருக்கு உறை போடலாமா? கொழும்பில் இருப்பவர்களுக்கான செய்முறை விளக்கம்

வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்பக்கமாக இறங்கும் ஓர் ஒழுங்கையில், ரயில் பாதைக்குக் கூப்பிடு தூரத்தில் எங்கள் வீடு இருக்கிறது. அப்பா விட்டுச் சென்ற 1959ஆம் ஆண்டு மொரிஸ் மைனர் கார் அங்கேதான் நிற்கிறது. புதிதாகக் கார் எடுத்தவர்களும், பழைய காரைத் திருத்தி நிறம் பூசி எடுத்தவர்களும் என்னைக் கண்டால் முதலில் கேட்பது, "கவர் போடட்டோ, விடட்டோ?" என்பதைத்தான். அந்தக் கவலை நியாயமானது. 2020 மார்ச் மாதத்தில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. வரியையும் சேர்த்துக் கணக்குப் பார்க்கும் எவரும் கையிலுள்ள காரைக் கண்ணும் கருத்துமாகப் பார்க்கவே விரும்புவார்கள்.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கார் சுத்தமாக இருக்க வேண்டும், முழுவதும் உலர்ந்திருக்க வேண்டும், துணி ஆவியை வெளியே விட வேண்டும், அடிக்கடி கழற்றிப் பார்க்க உங்களுக்கு நேரமும் இருக்க வேண்டும். இந்த நான்கும் பொருந்தினால் உறை போடுங்கள். ஒன்று குறைந்தாலும் காரை வெறுமையாகவே விட்டுவிடுங்கள். கொழும்பின் காற்றில் தவறான உறை செய்யும் சேதம் வெயிலும் தூசும் செய்யும் சேதத்தைவிடப் பெரியது.

முதற்படி: கார் நிற்கும் இடத்தைப் பாருங்கள்

உறை வாங்கப் புறப்படுவதற்கு முன்னர், கார் வழக்கமாக நிற்கும் இடத்தில் காலையிலும் நண்பகலிலும் இரவிலும் ஒவ்வொரு தடவை நின்று, காரின் மேல் என்ன வந்து விழுகிறது என்று பாருங்கள். கறுவாத்தோட்டம் போன்ற மரங்கள் அடர்ந்த பகுதியென்றால் காக எச்சமும் மரப்பாலும் உதிர்ந்த பூக்களுமே பெரிய தொல்லை. பறவை எச்சத்தில் யூரிக் அமிலம் உண்டு. வெயிலில் சூடேறிய பெயின்ட் இளகி விரிந்து, மாலையில் குளிர்ந்து சுருங்கும்போது, காய்ந்த எச்சத்தின் வடிவம் அப்படியே அதில் பதிந்துவிடுகிறது. இன்றைய கார்களில் நிறத்தின் மேல் பூசப்படும் தெளிந்த லாக்கர் படை பெரும்பாலும் 40 முதல் 50 மைக்ரோன் வரையே தடிப்புடையது, அதாவது தலைமயிரின் தடிப்பைவிடக் குறைவு. ஆகவே ஆழப் பதிந்த தழும்பைத் தேய்த்து எடுக்க அங்கே அதிக இடமில்லை. இத்தகைய இடத்தில் நல்ல உறை உண்மையிலேயே பயன் தரும்.

வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, தெஹிவளை, கல்கிசை என்று கடலை ஒட்டி வாழ்பவர்களின் நிலை வேறு. அதிகாலையில் முன்கண்ணாடியின் மேல் விரலை வைத்து மெதுவாக இழுத்துப் பாருங்கள். தூசு உலர்ந்து உதிராமல், பிசுபிசுப்பான ஒரு மங்கல் படலமாக விரலோடு வரும். அதில் பெரும்பகுதி கடற்காற்று கொண்டுவந்த உப்பு. காற்றின் ஈரப்பதன் ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டும்போது உப்பு காற்றிலிருந்தே நீரை இழுத்துத் தானாகக் கரையத் தொடங்கும். கொழும்பில் பெரும்பாலான இரவுகளில் ஈரப்பதன் அந்த அளவைத் தாண்டிவிடுகிறது. ஆகவே ஒரு துளி மழை பெய்யாத இரவிலும் உங்கள் காரின் மேல் மெல்லிய உப்புநீர்ப் படலம் ஒன்று இருக்கிறது. உறை போடாத கார் காலை வெயிலிலும் காற்றிலும் உலர்ந்துவிடும், ஆனால் உறைக்குள் இருக்கும் கார் நண்பகல் வரை அந்த ஈரத்தோடேயே நிற்கும். தகரத்தைத் துருப்பிடிக்கச் செய்வதற்கு அதைவிட வசதியான சூழல் வேறில்லை.

இவற்றை வைத்து நான் சொல்லும் முடிவு இதுதான். தொடர்மாடியின் கீழ்த்தளத்திலோ மூடிய கராஜிலோ நிற்கும் காருக்குத் தூசு படியாமலிருக்க மெல்லிய பருத்தித் துணி போதும். கடலிலிருந்து தள்ளி, மரத்தடியில் திறந்தவெளியில் நிற்கும் காருக்கு ஆவி போகும் உறை பொருத்தம். கடற்கரையோரம் திறந்தவெளியில் நிற்கும் காருக்கு உறை வேண்டாம்; உறைக்குச் செலவிடும் பணத்தைச் சேர்த்து, பக்கங்கள் திறந்த ஒரு தகரக் கூரை போடுங்கள். தெருவோரம் நிறுத்தும் காருக்கும் வேண்டாம்.

இரண்டாம் படி: துணியைச் சோதித்து வாங்குங்கள்

பஞ்சிகாவத்தையிலும் புறக்கோட்டையிலும் பல விலைகளில் உறைகள் கிடைக்கின்றன. வெள்ளி நிறம் பூசிய மெல்லிய பொலியெஸ்டர், உள்ளே பஞ்சு ஒட்டிய பிளாஸ்டிக், பல படைகளாக அழுத்திய நெய்யாத துணி, உள்ளறைக்கான மென்மையான பருத்தி ஆகியவையே பொதுவானவை. "தண்ணி ஒரு சொட்டும் போகாது" என்று கடைக்காரர் சொன்னால் அதை ஓர் எச்சரிக்கையாகவே எடுத்துக்கொள்ளுங்கள். தண்ணீரை அறவே உள்ளே விடாத மலிவான துணி பெரும்பாலும் ஆவியை வெளியேயும் விடாது. தறப்பாளும் பொலித்தீனும் எக்காரணம் கொண்டும் காரின் மேல் படக்கூடாது.

துணி ஆவியை விடுகிறதா என்பதை வீட்டிலேயே அறியலாம். கடையில் ஒரு வெட்டுத்துண்டு கேட்டு வாங்கி வாருங்கள். ஒரு குவளையில் கொதித்து இறக்கிய நீரை முக்கால் பங்கு ஊற்றி, துணியின் உட்புறம் நீரைப் பார்க்கும்படி வாயில் இறுக்கிக் கட்டுங்கள். இப்போது ஒரு கைக்கண்ணாடியைத் துணிக்கு மேலே ஓர் அங்குல உயரத்தில் பிடியுங்கள். அரை நிமிடத்திற்குள் கண்ணாடியில் பனி படர்ந்தால் துணி ஆவியை விடுகிறது என்று பொருள். கண்ணாடி தெளிவாகவே இருந்து, துணியின் உட்புறத்தில் மட்டும் துளிகள் கோத்துத் தொங்கினால், அதே துளிகள் நாளை உங்கள் பொனட்டின் மேல் தொங்கும்.

அடுத்து மென்மையைப் பாருங்கள். பழைய சி.டி. தட்டு ஒன்றின் பளபளப்பான பக்கத்தில் துணியின் உட்புறத்தைப் பத்துத் தடவை தேய்த்து வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். கீறல் தெரிந்தால் அந்தத் துணியை விட்டுவிடுங்கள். அளவு காரோடு ஒட்டியிருக்க வேண்டும், ஏனெனில் தொளதொளத்த உறை காற்றில் அடித்து அடித்து விளிம்புகளிலுள்ள பெயின்ட்டைத் தேய்த்துவிடும். மே முதல் செப்டெம்பர் வரை வீசும் தென்மேல் பருவக்காற்றுக் காலத்தில் காரின் வயிற்றுக்குக் கீழே கட்டும் பட்டியில்லாத உறை நிலைத்து நிற்காது.

மூன்றாம் படி: குளிப்பாட்டி, உலர்த்துங்கள்

குளிக்காமல் புதுச்சட்டை போடுவதில்லை அல்லவா, காருக்கும் அதுவே முறை. மேலே கண்ணுக்குத் தெரியாமல் படிந்திருக்கும் மணல், உறை அசையும் ஒவ்வொரு தடவையும் உப்புத்தாள் போலத் தேய்க்கும். முதலில் வெறும் நீரை மேலிருந்து கீழாக ஊற்றி மணலைக் கழுவிவிட்டு, கார் ஷாம்பு கலந்த ஒரு வாளியும் துணியை அலச வெறும் நீருள்ள இன்னொரு வாளியும் வைத்துக்கொண்டு கழுவுங்கள். கடலோரத்தில் இருப்பவர்கள் சில்லுக்கூட்டின் உட்பக்கத்தையும் அடிப்பாகத்தையும் மறக்காமல் அலச வேண்டும்.

உலர்த்துவதில்தான் பலரும் அவசரப்படுகிறார்கள். துணியால் துடைத்ததும் கார் உலர்ந்தது போலத் தெரியும். ஆனால் கதவின் கீழ் விளிம்பிலும், கூரையோரத் தண்ணீர்ப் பீலியிலும், கண்ணாடியைச் சுற்றிய இறப்பருக்கு அடியிலும், குரோம் பட்டிகளின் பின்னாலும் நீர் ஒளிந்திருக்கும். துடைத்தபின் கதவுகளையும் பொனட்டையும் டிக்கியையும் திறந்து வைத்து, பின்னர் பதினைந்து நிமிடம் ஓட்டி வாருங்கள். ஓடி வந்த எஞ்சின் ஆறும் வரை, குறைந்தது ஒரு மணித்தியாலமாவது, உறையைத் தொடாதீர்கள்.

புதிதாக நிறம் பூசிய காரென்றால் குறைந்தது ஒரு மாதம் உறை வேண்டாம். பெயின்ட்டிலுள்ள கரைப்பான்கள் முழுவதும் ஆவியாகி வெளியேற அவ்வளவு காலம் தேவைப்படும். உங்கள் பெயின்ட் பாஸ் அதைவிடக் கூடுதலான நாள் சொன்னால் அவர் சொல்வதைக் கேளுங்கள்.

நான்காம் படி: போடுவதும் கழற்றுவதும்

உறையைச் சுருட்டிக் கூரையின் நடுவில் வைத்து, முன்னாலும் பின்னாலும் விரித்த பிறகே பக்கங்களை இறக்குங்கள். ஒரு முனையைப் பிடித்துக் காரின் நீளத்திற்கு இழுக்காதீர்கள். இருவராகச் செய்வது நல்லது. கழற்றும்போது இரு பக்கங்களையும் கூரையின் மேலே மடித்து, வெளிப்புறம் வெளிப்புறத்தோடு சேரும்படி சுருட்டுங்கள். வெளித்தூசு உட்புறத்தில் பட்டுவிட்டால் அடுத்த தடவை அது பெயின்ட்டில்தான் போய்ச் சேரும்.

மூடிய கராஜில் நிற்கும் காரின் கண்ணாடிகளை ஒரு விரலளவு இறக்கி விடுங்கள், இல்லாவிட்டால் இருக்கைகளில் பூஞ்சணம் பிடிக்கும். பல நாள் ஓடாமல் நிற்கப் போகும் காருக்குக் கைப்பிரேக்கைப் போடாமல், கியரில் விட்டு, சில்லுகளுக்கு மரக்கட்டை வையுங்கள். ஈரத்தில் பிரேக் ஒட்டிக்கொள்வது இங்கே அடிக்கடி நடக்கிறது.

ஐந்தாம் படி: கழற்றிப் பாருங்கள்

ஓர் ஒக்டோபர் மாதத்தில் யாழ்ப்பாணத்தில் குடும்ப அலுவல் ஒன்றுக்காக மூன்று வாரம் தங்க நேர்ந்தது. புறப்பட்ட அன்று காலை மொரிஸைக் கழுவி, துணியால் மட்டும் துடைத்து, நீர் புகாது என்று நம்பி வாங்கிய இரட்டைப் படை உறையை இறுக்கிக் கட்டிவிட்டுப் போனேன். திரும்பி வந்து உறையைத் தூக்கியதும் முதலில் வந்தது நனைந்த சாக்கின் வாடை. கூரைப் பீலியின் ஓரமாகவும், கதவுக் கைப்பிடியின் கீழும் கடுகளவு கொப்புளங்கள் வரிசையாக எழும்பியிருந்தன. ஒன்றை நகத்தால் அழுத்தியபோது தேநீர் நிறத்தில் ஒரு சொட்டு நீர் கசிந்தது. அப்பா ஒவ்வொரு ஞாயிறும் துடைத்துப் பாதுகாத்த கூரை அது. கொட்டாஞ்சேனையிலுள்ள பெயின்ட் பாஸ் அதைத் தடவிப் பார்த்துவிட்டு, "தம்பி, மழைத் தண்ணி உள்ள வரேல்ல, நீங்கள் உள்ள வச்சுக் கட்டின தண்ணிதான் இது" என்றார். கூரையை முழுவதும் சுரண்டித் தகரம் வரை இறங்கித்தான் மீண்டும் பூச வேண்டியிருந்தது.

ஆகவே கிழமைக்கு ஒரு தடவையாவது உறையைக் கழற்றி, காரை ஓரிரு மணித்தியாலம் காற்றாட விடுங்கள். கொழும்பில் ஆண்டுக்கு ஏறத்தாழ 2400 மில்லிமீற்றர் மழை பெய்கிறது. ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் அடைமழைக்குப் பின் வரும் முதல் வெயிலிலேயே கழற்றிவிட வேண்டும். கழற்றும்போது கண்ணுக்கு முன் மூக்கைப் பயன்படுத்துங்கள்: புழுங்கிய வாடை வந்தால் உறை அந்த இடத்திற்குப் பொருந்தவில்லை. பொனட்டைத் திறந்து எலி கூடு கட்டியிருக்கிறதா, வயர் கடிபட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். மறைவும் இருட்டும் எலிக்கு மிகவும் பிடித்தவை. வெளியூர் போகும்போது வீட்டில் இதைச் செய்ய ஆளில்லை என்றால் உறை போடாமலே போங்கள்.

உறைக்கும் பராமரிப்பு உண்டு. மாதத்திற்கு ஒரு தடவை மிதமான சவர்க்கார நீரில் தோய்த்து, துணியை மென்மையாக்கும் வாசனைத் திரவம் எதுவும் சேர்க்காமல், நன்றாக அலசி நிழலில் உலர்த்துங்கள். அந்தத் திரவம் துணியின் நுண்துளைகளை அடைத்துவிடும். உலர்ந்ததும் ஒரு துணிப்பையில் போட்டு உயரத்தில் தொங்கவிடுங்கள். கழற்றும்போது உட்புறம் நிலத்தில் பட்டுவிட்டால், மீண்டும் தோய்த்து உலரும் வரை அதைக் காரின் மேல் போடாதீர்கள்.